எப்படி விழுந்தாலும்

கூடத்தின் நடுவில் பஞ்சு மெத்தையை விரித்துப் போட்டு, குடைச்சலக்கா அதன்மேல் விழுந்துகொண்டிருந்தாள். ஒரு தரம் குப்புற, ஒரு தரம் மல்லாக்க, ஒரு தரம் வெட்டிய மரம் மாதிரி பக்கவாட்டில். விழுந்த கையோடு இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பாள். அங்கே கட்டியிருந்த கடிகாரம் குறுகுறுவென்று அதிர்ந்து, "விழுந்துவிட்டீர்களா? உதவிக்கு அழைக்கட்டுமா?" என்று கேட்கும். வேண்டாம் என்று விரலால் தொட்டுவிட்டு எழுந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, அடுத்த விழுதலுக்குத் தயாராவாள்.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து மாமனார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசில் பாதியைப் பேருந்து ஓட்டியே கழித்தவர்.

"ஏம்மா, இதுக்கு சம்பளம் ஏதும் தர்றாங்களா?"

"இல்ல மாமா."

"ஓசியிலயே விழறியா. எத்தனையோ பேர் என் பஸ்ல விழுந்திருக்காங்க. இவ்வளவு ஆசையா யாரும் விழுந்து நான் பார்த்ததில்ல."

"விழுந்து பார்க்காம எப்படி மாமா எழுதறது?"

"அதுவும் சரி. ஆனா தலகாணி எடுத்துக்கோ. கடிகாரம் பொழைச்சுக்கும், உன் மண்டைக்கு யாரு கேரண்டி?"

குடைச்சல் என்பது அவளுடைய வலைப்பூவின் பெயர். சின்ன வயதில் அவளுக்கு அம்மா வைத்த பட்டப்பெயரும் அதுதான். சும்மா கிடக்கிற ரேடியோவைப் பிரிப்பாள். ஓடுகிற மிக்சியை நிறுத்தி அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். வளர்ந்தபின் வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தாள். அடுப்பு சூடாகவில்லை என்று ஒருவர் அழுதால், எழுதிக் கொடுத்த வசனத்தைத் தேன் தடவிச் சொல்ல வேண்டும். அந்தத் தேன் அவள் தொண்டையில் இறங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, அங்கே சொல்ல விடாத பதில்களை எல்லாம் வலைப்பூவில் எழுத ஆரம்பித்தாள். எந்தத் துணி காயப்போடும் மெஷின் துணியைக் காயப்போடும், எது மனசை மட்டும் காயப்போடும் என்று தெரிந்துகொள்ள நிறையப் பேர் அங்கே வந்தார்கள். அவர்கள்தான் அவளை அக்கா ஆக்கினார்கள்.

அவளுக்கு இரண்டே விதிகள். சோதித்துப் பார்க்க இரவலாக வந்த பொருள், எவ்வளவு பிடித்தாலும் திரும்பிப் போய்விடும். வெளியிடும் பொத்தானை அழுத்துமுன், கண்ணை மூடிக் கடவுளிடம் ஒரு வார்த்தை: "யாரையும் ஏமாத்தாம, யாரையும் வீணா நோகடிக்காம எழுத வை." ஏமாற்றாததும் நோகடிக்காததும் பெரும்பாலும் ஒன்றாக நடந்துவிடும். நடக்காத நாளில்தான் சிக்கல்.

இந்தக் கடிகாரம் வயதானவர்களுக்கென்று வந்தது. விழுந்தால் தானே கண்டுபிடித்துப் பிள்ளைகளை அழைக்கும். பெட்டியின்மேல், சிரிக்கிற ஒரு தாத்தா படத்துக்குக் கீழே, "எப்படி விழுந்தாலும் உங்களோடு" என்று போட்டிருந்தது. அதை விற்கிற நிறுவனத்தில்தான் அவளுடைய கொழுந்தன் வேலை பார்த்தான். இரவல் வாங்கித் தந்தவனும் அவனே. "நல்லா எழுதுங்க அண்ணி" என்று அவன் சொல்லவில்லை. "நல்ல பொருள் அண்ணி" என்று மட்டும் சொன்னான். அந்த நாகரிகம் அவளுக்குப் பிடித்திருந்தது.

மெத்தைச் சோதனையில் கடிகாரம் ஒரு விழுதலையும் தவறவிடவில்லை. மற்ற விமரிசகர்களின் காணொளிகளையும் பார்த்தாள். எல்லாரும் இளவட்டங்கள், எல்லாரும் மெத்தைமேல் தொபுக்கடீர் என்று விழுந்தார்கள், எல்லாருடைய கடிகாரமும் கூப்பாடு போட்டது. பாராட்டி எழுத ஆரம்பித்தாள். வார் உறுத்துகிறதா, குளிக்கும்போது தண்ணீர் புகுகிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி. அதற்காகக் கடிகாரத்தை மாமனார் கையில் கட்டிவிட்டாள்.

அவருக்கு அது ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் டிப்போ வாசலில் பழைய சிநேகிதர்களிடம் கையை நீட்டிக் காட்டினார்: "மருமக எனக்கு ஒரு கண்டக்டர் போட்டிருக்கா. நான் விழுந்தா விசில் அடிப்பான்."

ஒரு மதியம். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவள் பாராட்டுரையின் கடைசிப் பத்தியில் இருந்தாள். குளியலறையில் குழாய் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை என்பது மெல்ல உறைத்தது. எழுந்து போனாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. மாமனார் சுவரில் முதுகு சாய்த்து, ஈரத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பு காலில் இல்லை. வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. உட்கார்ந்தேன்."

"ஈரத்துலயா?"

"சும்மா, காத்தாட."

அந்த அறையில் காற்று வர ஒரு கையகல ஓட்டைகூட இல்லை. அவள் குழாயை நிறுத்திவிட்டு அருகில் குனிந்தாள். அப்போது கடிகாரம் அதிர்ந்தது. இருவரும் பார்த்தார்கள்.

"நெடுநேரமாக உட்கார்ந்தே இருக்கிறீர்கள். எழுந்து சற்று நடக்கலாமே."

"பாரு," என்றார் மாமனார். உதடு காய்ந்திருந்தது, சிரிக்க முயன்றார். "அதுவே சாட்சி சொல்லுது. நான் உட்கார்ந்துதான் இருக்கேன்."

அவள் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். எழ நேரம் பிடித்தது. உலர்ந்த துண்டு கொடுத்தாள். நாற்காலியில் உட்கார வைத்து வெந்நீர் கொடுத்தாள். வெந்நீர் பாதி இறங்கியதும் அவர் மெதுவாகக் கேட்டார்:

"பசங்ககிட்ட சொல்லாதம்மா. பெரியவன் பேசாம இருந்துடுவான். சின்னவன் பயந்தாங்கொள்ளி. தெரிஞ்சா என்னை வாசப்படி தாண்ட விடமாட்டான். டிப்போவுக்குப் போகலைன்னா நான் என்ன செய்வேன்?"

"இப்பவே டாக்டர்கிட்ட வர்றதா இருந்தா சொல்ல மாட்டேன்."

"பேரம் பேசறியா?"

"ஆமா."

போனார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போகிறதற்கு மாத்திரை மாற்றிக் கொடுத்தார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் குடைச்சலக்கா கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். சுவரில் சாய்ந்து, முழங்கால் மடங்க, மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள். கடிகாரம் நேரம் காட்டியது. அதுதானே அதன் வேலை என்பதுபோல் அமைதியாக நேரம் மட்டும் காட்டியது.

மேஜையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். கட்டில் விளிம்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கணவரையும் சரியச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் கேட்டுப் பலனில்லை என்று கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டவர். "வட்டமா சரியட்டுமா, நேர்கோட்டுலயா?" என்று மட்டும் கேட்டார். எப்படிச் சரிந்தாலும் கடிகாரம் வாய் திறக்கவில்லை. தொபுக்கடீர் என்று விழுந்தால்தான் அதற்கு விழுதல். வயதானவர்கள் தொபுக்கடீர் என்று விழுவது குறைவு. அவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தோற்பார்கள்.

பாராட்டுரையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். வார் மெத்தென்று இருக்கிறது, எழுத்து பெரிதாகத் தெரிகிறது, பேட்டரி நன்றாக நிற்கிறது என்று நல்லதை நல்லதாகவே சொன்னாள். பிறகு: "மெத்தைமேல் குதிக்கிற பிள்ளைகளை இந்தக் கடிகாரம் கட்டாயம் காப்பாற்றும். சுவரைப் பிடித்துச் சரிகிற அப்பாக்களை இது பார்க்கவே இல்லை. பெட்டியின்மேல் இருக்கிற வரி உண்மை இல்லை." சரியும் சோதனைகளைப் படம் பிடித்துப் போட்டாள். மாமனாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்ணை மூடிக் கடவுளிடம் வழக்கமான வார்த்தையைச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

இரண்டு நாளில் கொழுந்தன் வந்தான். உட்காராமல் நின்றான்.

"அண்ணி, அந்த ஒரு பத்தியை எடுத்துடுங்க."

"எந்தப் பத்தி?"

"உங்களுக்குத் தெரியாதா? எங்க மேலாளர் என்னைக் கூப்பிட்டு, 'உங்க வீட்டுப் பொம்பளைதானே'ன்னு கேட்கறார். எல்லார் முன்னாடியும். நான் எங்க போய் மூஞ்சியை வைக்கிறது?"

"பொய்னு ஒரு வரி காட்டு தம்பி. இப்பவே எடுக்கறேன்."

"பொய்யில்ல. ஆனா வேணும்னே மெதுவா சரிஞ்சு காட்டியிருக்கீங்க. நிஜத்துல யாரு அப்படி விழுவாங்க?"

ஜன்னலோர நாற்காலியில் மாமனார் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"பத்தி இருக்கும் தம்பி. பெட்டியை மாத்தச் சொல்லு."

"உங்களுக்கு நாலு பேர் படிக்கிற வலைப்பூ. எனக்கு அதுதான் பொழப்பு."

"தெரியும். அதனாலதான் உன் பேரையோ, யார் குடுத்தாங்கங்கறதையோ நான் எழுதல. உனக்கு என்ன வேணும்னாலும் செய்வேன். இதை மட்டும் கேட்காதே."

"எது கேட்டாலும் செய்வேன், கேட்கிறதைத் தவிர. நல்ல அண்ணி." சாப்பிடாமலே போய்விட்டான். அவள் எடுத்து வைத்த தட்டு மூடியபடியே இருந்தது. அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஆனாலும் பத்தியில் கை வைக்கவில்லை.

அந்த வார முடிவில் மேலாளரே வந்தார். கொழுந்தனும் கூட வந்திருந்தான், ஆனால் வாசல் பக்கமாகவே நின்றான். மேலாளர் மரியாதையான மனிதர். காலணியை வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்தார். புதுக் கடிகாரம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

"மேடம், மென்பொருளைப் புதுப்பிச்சிருக்கோம். நீங்களே பார்த்துடுங்க."

அவள் கட்டிக்கொண்டு மெத்தையில் விழுந்தாள். அது கூப்பிட்டது. சுவரில் சரிந்தாள். அது நேரம் காட்டியது.

"இது விழறது இல்ல மேடம்," என்றார் மேலாளர். "உட்காருறது. இதையெல்லாம் விழுந்ததா எடுத்துக்கிட்டா, சோபாவில சாஞ்சாக்கூட ஆம்புலன்ஸ் வந்து நிக்கும். பொறியாளர்கள் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க."

"நியாயம். அதை அப்படியே பெட்டியில எழுதுங்க. 'வேகமா விழுந்தா கண்டுபிடிக்கும், சரிஞ்சா தெரியாது.' எழுதின அன்னிக்கே நானும் என் பதிவுல, நேர்மையான கம்பெனின்னு சேர்த்துக்கறேன்."

"அப்படி எழுதினா யாரு வாங்குவாங்க?"

"தெரிஞ்சு வாங்கறவங்க வாங்குவாங்க."

மேலாளர் பெருமூச்சு விட்டார். "மேடம், நோட்டீஸ், வக்கீல் இதெல்லாம் எனக்கே பிடிக்காத விஷயம். ஆனா மேலிடத்துல பேசறாங்க. நிஜமான ஒரு ஆளைக் காட்டுங்க. இப்படிச் சரிஞ்சு விழுந்து, இந்தக் கடிகாரம் கைவிட்டதுன்னு ஒரே ஒருத்தர். நான் தலையைக் குனிஞ்சுட்டுப் போயிடறேன். இல்லைன்னா பத்தியை எடுங்க."

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. விருந்தாளி வரும் சத்தம் கேட்டதுமே மாமனார் உள்ளே போயிருந்தார்.

"ஆள் காட்ட மாட்டேன்," என்றாள் குடைச்சலக்கா. "பத்தியையும் எடுக்க மாட்டேன்."

"அப்ப ஆளே இல்லைன்னுதானே அர்த்தம்?"

"நான் காட்ட மாட்டேன்னு அர்த்தம். நீங்க நோட்டீஸ் அனுப்புங்க. வாங்கிக்கறேன்."

அவள் குரல் உயரவில்லை. கடிகாரத்தின் வாரைக் கழற்ற ஆரம்பித்தாள். மேலாளர் அலுவலகத்துக்குப் பேசக் கைபேசியை எடுத்தார். அதில் உயிர் போகிற நிலை. திரை மங்கி, அணைந்தும் போனது.

அவள் அலமாரியிலிருந்து ஒரு பவர் பேங்க்கை எடுத்து நீட்டினாள். "இதுல போடுங்க. நான் சோதிச்சது. நல்ல பொருள்."

அவர் தயங்கினார்.

"வாங்கிக்குங்க சார். சண்டை வேற, சார்ஜ் வேற."

அவர் வாங்கிச் செருகிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் சின்ன விளக்கு எரிவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது உள்ளறைக் கதவு திறந்தது.

மாமனார் சட்டையை மாற்றி, எல்லாப் பொத்தானும் போட்டுக்கொண்டு வந்தார். வேலைக்குக் கிளம்புகிற மாதிரி.

"அந்த ஆள் நான்தான்."

"மாமா, வேண்டாம்," என்றாள் அவள்.

"நீ வாக்கைக் காப்பாத்திட்டம்மா. போதும். உன் வாக்கு முடிஞ்சுது, இனி என் முறை." மேலாளரைப் பார்த்துத் திரும்பினார். "உட்கார்ந்தேன்னு இவகிட்ட சொன்னேன் சார். பொய். விழுந்தேன். கால் மடங்கிச்சு. சுவத்தைப் புடிச்சேன். சுவரு வழுக்கிச்சு. கத்தியிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு. பெரிய பெரிய பஸ்ஸை ரிவர்ஸ்ல சந்துக்குள்ள விட்டவன், என் உடம்பை நாலு செங்கல் சுவத்துக்குள்ள நிறுத்த முடியல பாருங்க. சரி, கையில கண்டக்டர் இருக்கான், அவன் கூப்பிடுவான்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்." மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். "கடைசியில கூப்பிட்டான். எழுந்து நடக்கச் சொல்லி."

வாசலில் நின்ற கொழுந்தன் உள்ளே வந்தான்.

"எப்பப்பா?"

"நீ இந்தக் கடிகாரம் நல்லதுன்னு சொல்லிட்டுப் போனியே, அதுக்கு அப்புறம்."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொன்னா டிப்போவுக்குப் பூட்டுப் போடுவ."

பூட்டுப் போட்டிருப்பான் என்பது அவனுக்கே தெரிந்தது போலும். அப்பா பக்கத்தில் போய் நின்றான்.

மேலாளர் எழுந்தார். சொன்னபடி தலை குனிந்தாரா, கைபேசியைப் பார்த்தாரா என்று சொல்வது கஷ்டம். "நான் ரிப்போர்ட் பண்றேன் சார்," என்றார். பிறகு அவளிடம்: "என்ன முடிவெடுப்பாங்கன்னு என் கையில இல்ல. ஆனா இனிமே எங்க பொருள் எதுவும் உங்களுக்கு வராது மேடம். அது உறுதி."

"கடையில வாங்கிக்கறேன் சார்."

பவர் பேங்க்கை அவர் நீட்டியபோது, "வழியில தேவைப்படும், கொண்டு போங்க. தம்பிகிட்ட குடுத்தனுப்புங்க" என்றாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் காலணி போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் மாமனார் சொன்னார்: "எழுதும்மா. நான் சொல்லச் சொல்ல."

"யோசிச்சுக்குங்க மாமா. டிப்போவுல எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும். அவனுங்க மட்டும் என்ன, பறந்துகிட்டா இருக்கானுங்க?"

பத்தியின் கீழே புதிய பத்தி வந்தது: "இந்த வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், சொல்கிறார்: நான் உட்காரவில்லை. விழுந்தேன்."

மறுநாள் காலை கணினியைத் திறந்தவள் சாப்பிட எழவில்லை. பின்னூட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. என் அம்மா தரையைத் துடைக்க உட்கார்ந்ததாகத்தான் இன்றுவரை சொல்கிறாள் என்று ஒருத்தி. என் அப்பா பல்லி பார்க்கக் குனிந்தாராம் என்று ஒருவர். நானே போன மாதம் 'உட்கார்ந்தேன்', பிள்ளைகளுக்குத் தெரியாது, உங்கள் மாமனாருக்கு என் வணக்கம் என்று பெயர் போடாத ஒரு பெரியவர். அதை அவள் சத்தமாகப் படித்தபோது மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அவருக்குப் பதில் போடு. பிள்ளைங்ககிட்ட சொல்லச் சொல்லு. உயிர் ஒண்ணும் போயிடாது, கொஞ்சம் மானம்தான் போகும், அதுவும் திரும்பி வந்துடும்னு எழுது."

நோட்டீஸ் வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. சில மாதம் கழித்துக் கடையில் பார்த்தபோது, பெட்டியில் சிரிக்கிற தாத்தா அப்படியே இருந்தார். அவருக்குக் கீழே இருந்த வரியில் முதல் பாதியைக் காணோம். 'உங்களோடு' மட்டும் மிச்சம் இருந்தது. அவள் ஒரு படம் எடுத்துப் பதிவில் போட்டு, "நன்றி" என்று எழுதினாள். குத்தலாக எழுதவில்லை. நிஜமாகவே நன்றி.

கொழுந்தனைக் கடிகாரப் பிரிவிலிருந்து இயர்போன் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "பரவாயில்ல அண்ணி," என்றான். "காதுல மாட்டுறது கீழ விழுந்தா யாரும் பதிவு போட மாட்டாங்க." ஆனால் அது பிறகு. நோட்டீஸுக்குக் காத்திருந்த அந்த வாரத்திலேயே ஒரு நாள் அவன் வந்தான். ஒரு கையில் பவர் பேங்க், மறு கையில் துளை போடும் மெஷின். அக்குளில், காகிதம் சுற்றிய எஃகுக் கைப்பிடி. முதலில் தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டான். பிறகு குளியலறைச் சுவரில் குறி வைத்துத் துளை போட்டான். வீடே அதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றார் மாமனார் வாசலில் நின்றபடி.

"அளவு பார்த்துதான்பா போடறேன்."

"நீ உன் அளவுக்குப் பார்த்த. விழப்போறது யாரு?"

அவன் மேலே தள்ளிக் குறி வைத்தான். பூட்டி முடித்ததும் குடைச்சலக்கா அவனை ஒதுங்கச் சொன்னாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கி, முழு எடையையும் அதில் போட்டுத் தொங்கினாள்.

"பதிவு போடப் போறீங்களா அண்ணி?"

"பின்ன? சார்ஜ் போட வேண்டாம், புதுப்பிக்க வேண்டாம், யாரையும் நடக்கச் சொல்லாது."

"குறை?"

அவள் தொங்கியபடியே யோசித்தாள். "ஒரு சுவத்துலதான் இருக்கு."

"மீதிச் சுவத்துக்கு?"

"மீதிச் சுவத்துக்கு நாமதான்," என்றாள்.

"முதல்ல நீ இறங்கு," என்றார் மாமனார். "நான் குளிக்கணும்." உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தவில்லை. விரல் நுழைகிற அளவுக்கு, வேண்டுமென்றே, திறந்தே விட்டார்.